நசீர் பாயின் உள்ளங்கால்

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்குக் கிச்சுகிச்சு மூட்டினேன்.

அவர் குழந்தை இல்லை. ஐம்பதைத் தாண்டியவர். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டவர். 'உனக்கு வேறு வேலை இல்லையா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். இந்த வாரம் சிரிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால், சிரித்துக்கொண்டு எழுதவில்லை.

நசீர் பாயும் நானும் வருஷக்கணக்காக ஒரே ஆபீஸ் பஸ்ஸில் போய் வந்தவர்கள். ஆபீஸ் கேளம்பாக்கத்தில். அவர் சதுரங்கப்பட்டினத்தில் ஏறி ஜன்னலோரம் பிடித்துவிடுவார். நான் மாமல்லபுரத்தில் ஏறுவேன். அவர் ஸ்டோர்ஸ், நான் அக்கவுண்ட்ஸ். ஆபீஸுக்குள் இருவரும் பேசிக்கொண்டதே குறைவு. எல்லாம் பஸ்ஸில்தான்.

பாய்க்கு அப்படி ஒரு கூச்சம். தொடவே வேண்டாம். இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து, ஒற்றை விரலை அவர் விலாப் பக்கமாக நீட்டி, காற்றில் லேசாகச் சுழற்றினால் போதும்.

"டேய்... வேணாம்... மச்சான், வேணாண்டா... சொன்னா கேளு!"

விரல் பக்கத்தில் வருவதற்குள் நெளிந்து, வளைந்து, டிபன் பாக்ஸை விலாவுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்கள்... பஸ்ஸே குலுங்கும். "யப்பா, பாயை வுடுங்கப்பா, என்னால ஸ்டியரிங் புடிக்க முடியல" என்று டிரைவர் கத்துவார். அவரும் சிரித்துக்கொண்டுதான் கத்துவார்.

எங்கள் பஸ்ஸில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. யார் முகமாவது உம்மென்று இருந்தால், பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "பாயைக் கெளப்பு!" உடனே நாலாபக்கமும் விரல்கள் நீளும். வீட்டில் சண்டையா, பையன் பரீட்சையில் பெயிலாகிவிட்டானா - யாரும் எதையும் விசாரிக்க மாட்டோம். பாய் சிரிப்பார். பஸ் சிரிக்கும். உம்மென்று இருந்தவரும் வேறு வழியில்லாமல் சிரிப்பார். அவ்வளவுதான் வைத்தியம்.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு, மொட்டைத் தலையோடு எங்கள் பின் சீட்டு சேகர் முதல் நாள் பஸ் ஏறியபோது யாருக்கும் வாய் வரவில்லை. கோவளம் வரை பஸ்ஸில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்போது பாயே திரும்பிக் கேட்டார்:

"இன்னாப்பா... இன்னிக்கி யாரும் என்னைக் கெளப்பலியா?"

முதல் விரல் சேகருடையது. அவனும் அழுதுகொண்டே சிரித்தான். பாய் அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே நெளிந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

யோசித்தால், இந்தக் கிச்சுகிச்சு சிரிப்பே விசித்திரம். அது சந்தோஷமா? வாய் சிரிக்கிறது, அதே வாய் 'விடு, விடு' என்று கெஞ்சுகிறது. நமக்கு நாமே மூட்டிக்கொண்டால் வராது - இப்போதே முயன்று பாருங்கள், நான் காத்திருக்கிறேன். வரவில்லை அல்லவா? முன்பின் தெரியாதவன் விலாவில் கை வைத்தால் சிரிப்பா வரும்? அறைதான் விழும். நம்முடைய ஆள் ஒருவர் வேண்டியிருக்கிறது.

என் கேஸ் வேறு. எனக்கு உடம்பில் எங்கேயும் கூச்சம் கிடையாது. பஸ்ஸில் எல்லோரும் முயன்று பார்த்துவிட்டு, "இது மரக்கட்டைப்பா" என்று கைவிட்டுவிட்டார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் பாய் மொட்டை மாடித் தண்ணீர் டேங்கைக் கழுவ ஏறியிருக்கிறார். பாசி. வழுக்கிவிட்டது. முதுகெலும்பில் அடி. செங்கல்பட்டில் ஆபரேஷன் நடந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஆனால், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. "வரலாம்... வராமலும் போகலாம். கால்ல எதாவது தெரிஞ்சா உடனே சொல்லுங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பாயின் மனைவி மும்தாஜ் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஈரத்துணியால் காலைத் துடைப்பார். "தெரிதா?" எண்ணெய் தடவுவார். "இப்போ?" பாய் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி இல்லை என்பார். நான் போயிருந்த ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. துணியை எடுத்துக்கொண்டு மும்தாஜ் உள்ளே போய்விட்டார்.

ஹாலில் கட்டில். பாய் பாதியாக இளைத்திருந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன். "ஆபீஸ்ல எல்லாரும் கேட்டாங்க பாய்" என்றேன். தலையசைத்தார். அப்புறம்? படுத்துக் கிடக்கிறவரிடம் நாம் எல்லோரும் பேசுகிற நாலு வாக்கியங்களும் தீர்ந்துவிட்டன.

எனக்கு என்ன தோன்றியதோ... ஒற்றை விரலை நீட்டி, காற்றில் ஒரு சுழற்று சுழற்றி, மெல்ல அவர் உள்ளங்காலை நோக்கிக் கொண்டுபோனேன்.

"டேய்... வேணாம்... மச்சான், வேணாண்டா!"

அதே குரல். நகத்தால் உள்ளங்காலில் ஒரு கீறு கீறினேன். பாய் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய, அந்தப் பழைய பஸ் சிரிப்பு!

கையில் கரண்டியோடு ஓடி வந்தார் மும்தாஜ். அவர் கண்ணில் பட்டது இரண்டே விஷயம்: பாயின் உள்ளங்காலில் என் விரல்... பாயின் சிரிப்பு.

"ஏங்க... கூசுதா? கால் கூசுதாங்க?"

பாய் அவரைப் பார்த்தார்.

"ஆமா மும்தாஜு... கூசுது."

மும்தாஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. மகளுக்குப் போன் போட்டார். "அத்தாக்குக் கால்ல உணர்ச்சி வந்துட்ச்சுடி! நானே கண்ணால பாத்தேன்!" என்னிடம் திரும்பி, "இருங்கண்ணா, சேமியா பாயசம் வெக்கிறேன். குடிக்காம போவக் கூடாது" என்றார். நானும் ஏதோ சாதித்துவிட்டவன் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் பிசியோதெரபி கொடுக்கிற பெண் வந்தாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் மும்தாஜ் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். அவள் முகமும் மலர்ந்தது. பிறகு ஒரு டவலை எடுத்து பாயின் கண்களை மூடினாள்.

"அண்ணா, நான் தொடும்போது மட்டும் சொல்லுங்க."

சாவியின் முனையால் உள்ளங்காலில் கோடு இழுத்தாள். பாய் பேசவில்லை. அழுத்தி இழுத்தாள். பேசவில்லை. அடுத்த கால். ஒன்றுமில்லை. அவள் கையை எடுத்துவிட்டு, மும்தாஜிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் டவலுக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது.

"போதும்மா... கூசுதும்மா... வுட்டுடு."

அவளுடைய இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன.

மும்தாஜ் அதைப் பார்த்தார். உள்ளே போனார். "நீங்க பண்ணப்போ வந்தது, வெரலப் பாத்ததும் வர்ற சிரிப்புண்ணா. காலுக்கு இன்னும் டைம் ஆவும்" என்று அந்தப் பெண் என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, பாயின் காலை மடக்கி நீட்டி, வழக்கமான பயிற்சியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

பாய் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெரல நீட்டுன பாரு, அதப் பாத்து எனக்குத் தானா சிரிப்பு வந்துட்ச்சு மச்சான். அவ ஓடியாந்து கேக்கறா... அவ மூஞ்சில சிரிப்ப பாத்தே எம்மா நாளாச்சு தெரியுமா? இல்லன்னு எப்பட்றா சொல்லுவேன்?"

அந்த வீட்டுக்கு ஒரு பொழுது சந்தோஷத்தைக் கொடுத்துவிட்டு அதைப் பிடுங்கியதும் என் விரல்தானே? 'மன்னிச்சிடுங்க பாய்' என்று சொல்ல வாய் எடுத்தேன்.

அதற்குள் மும்தாஜ் பாயசத்தோடு வந்தார். கண் சிவந்திருந்தது. "பால் ஊத்திட்டேன். வீணாப் பூடும். குடிங்க" என்றார். பாய்க்கு ஸ்பூனால் ஊட்டினார். கண்ணை மூடிய அதே டவலால் வாயைத் துடைத்துவிட்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். வாசலில் செருப்பைப் போடும்போது உள்ளேயிருந்து குரல்.

"மச்சான்!"

திரும்பினேன். பாய் கட்டிலில் படுத்தபடியே ஒற்றை விரலை என் விலாவை நோக்கி நீட்டி, காற்றில் சுழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலி டம்ளர்களோடு மும்தாஜ் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய்... வேணாம்... வேணாம் பாய்!" என்று விலாவைப் பொத்திக்கொண்டு நெளிந்தேன். கதவில் இடித்துக்கொண்டேன். சத்தம் போட்டுச் சிரித்தேன். மும்தாஜ் முகம் மெல்ல இளகியது. அது சிரிப்பேதான் - சின்னதுதான் என்றாலும்.

மறுபடியும் சொல்கிறேன்... எனக்கு உடம்பில் எங்கேயும் கூச்சம் கிடையாது.