மூன்றாவது பேணித் தேநீர்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. நான் அரியாலையில் வழி முடிந்துபோகிற ஒரு முட்டு ஒழுங்கையின் கடைசி வீட்டில் தனியாக இருந்தேன். கணவர் கொழும்பில் வேலை, போரால் பாதை மூடியிருந்தது. படிப்பித்த பள்ளிக்கூடமோ சுன்னாகப் பக்கம். சைக்கிள் மிதித்து முழங்கால் தேய்ந்தபின், பழைய சிவப்பு மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். பெண்களும் ஓடக்கூடிய சின்ன வகை. முன்னால், கால்களை மறைத்தபடி பெரிய வெள்ளை பிளாஸ்டிக் மறைப்பு ஒன்று இருக்கும். எஞ்சினின் முக்கியமான பகுதி எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பெற்றோல் கிடைக்காத காலம். எல்லோரும் மண்ணெண்ணெயில்தான் ஓடினோம். அதனால் வாரத்துக்கு ஒருமுறை பிளக் கரிபிடித்து வண்டி நின்றுவிடும். திருத்துகிறவரிடம் போனால் அரைநாள் போய்விடும் என்பதால் நானே பழகிக்கொண்டேன். மாமரத்தடியில் நிறுத்தி, போல்ற்றுகளைக் கழற்றிச் சிரட்டையில் போட்டு, மறைப்பை மெதுவாக இழுத்தெடுப்பேன். பிளக்கைச் சுரண்டி, காபரேற்றரைத் துடைத்து, சேமித்து வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டு விட்டு உதைப்பேன். மறைப்பு இல்லாதபோது அதன் சத்தமே வேறு. தொண்டை கட்டிய ஒருவர் விடாமல் இருமுவது போலக் கரகரவென்று கேட்கும். மின்சாரமும் இல்லை, வானொலியும் இல்லை. அந்த மத்தியான அமைதியில் அது வெகுதூரம் போயிருக்கும்.

ஒரு சனிக்கிழமை அப்படி வேலை முடித்து, கை கழுவக் கிணற்றடிக்குப் போய்த் திரும்பினேன். கேற் தூணின்மேல் ஒரு எவர்சில்வர் பேணி இருந்தது. மேலே சின்னத் தட்டால் மூடி, தட்டில் ஒரு பனங்கட்டித் துண்டு. திறந்தால் தேநீர், ஆவி பறந்தது. ஒழுங்கையில் ஒரு குஞ்சு குருமானும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் இடம்பெயர்ந்து ஒரு வருடமாகிவிட்டது. யாரோ வீடு மாறி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பின்னேரம் பார்த்தபோது பேணியைக் காணவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் அதே பேணி, அதே பனங்கட்டி. தனியாக இருக்கிற பெண்ணை யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். தேநீரை வாழையடியில் ஊற்றினேன். அன்றிரவு கதவுக்குப் பின்னால் மேசையை இழுத்து வைத்துவிட்டே படுத்தேன்.

மூன்றாவது வாரம் தீர்மானித்துவிட்டேன். மறைப்பைக் கழற்றி எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, கிணற்றடி மதிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. வெள்ளைச் சேலை கட்டிய அம்மா ஒருவர் பேணியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி வந்தார். கேற் திறந்திருந்ததால் நேரே உள்ளே வந்தார். மோட்டார் சைக்கிளின் முன்னால் நின்று, ஆளில்லாத சீற்றுக்கு மேலே அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"ஆறமுன்னம் குடி ராசா. எவ்வளவு நேரம் உதோடை மினைக்கெடுவாய்?"

என் மயிர்க்கால்கள் குத்திட்டன. பயம் கோபமாக மாறி வெளியே வந்தேன். எஞ்சினை நிறுத்திவிட்டு ஆரம்மா நீங்கள் என்று கேட்டேன். அவர் என்னைக் கண்டு திடுக்கிடவே இல்லை. மகன் வந்திருக்கிறான், தேத்தண்ணி கொண்டு வந்தேன் என்றார். இது என்னுடைய மோட்டார் சைக்கிள், இங்கே வேறு ஒருவரும் இல்லை என்றேன்.

"இப்பதானே பிள்ளை இறங்கினவன். சீற்றைத் தொட்டுப் பாரும்."

ஏன் தொட்டேன் என்று தெரியாது. சீற் சூடாக இருந்தது. வண்டி காலையிலிருந்தே மரநிழலில் நின்றது; அதில் நான் ஏறி இருக்கவும் இல்லை. எஞ்சின் சூடு ஏறியிருக்கும் என்று இப்போது சொல்லலாம். அந்த நேரத்தில் சொல்லத் தோன்றவில்லை. கையை இழுத்துக்கொண்டு கத்திவிட்டேன்.

"உங்கடை மகன் வரேல்லை அம்மா. இனி வரவும் மாட்டார்!"

அவருடைய முகம் விளக்கை ஊதி அணைத்தது போல ஆனது. பேணியை நிலத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

பொழுதுபட அவருடைய மகள் வந்து மன்னிப்புக் கேட்டாள். தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து பின் ஒழுங்கையில் இருக்கிறார்களாம். அண்ணன் போன மாரிமழையில் கிளாலிக் கடலைப் படகில் கடந்து கொழும்புக்குப் புறப்பட்டவர், போய்ச் சேரவில்லை. அவரிடமும் இதே வகை மோட்டார் சைக்கிள், ஆனால் நீல நிறம். மறைப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் எப்போதும் ஓடுவாராம்.

"மறைப்பைப் பூட்டியே ஓடுங்கோ ரீச்சர். அப்ப அம்மாவுக்குச் சத்தம் பிடிபடாது."

அப்படியே செய்தேன். பிளக் துடைத்த பிறகும் மறைப்பைப் பூட்டிவிட்டுத்தான் உதைத்துப் பார்த்தேன். தூணில் பேணி வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், மூன்று நாளாகத் தண்ணீரும் குடிக்கவில்லை. மருந்தும் உள்ளே போகவில்லை.

"ரீச்சர், ஒருக்கா அதைக் கழட்டிப்போட்டு எங்கடை வளவுக்கு வருவியளே?"

போல்ற்றுகளைக் கழற்றினேன். கரகரத்த சத்தத்தோடு அவர்கள் முற்றத்துக்குப் போய் நிறுத்தினேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல், படுக்கையில் கிடப்பவருடையது போலவே இல்லாமல், தெளிவாகக் கேட்டது.

"செருப்பைக் கழட்டிப்போட்டு வா ராசா."

மகள் கஞ்சியோடு உள்ளே ஓடினாள். நான் முற்றத்திலேயே நின்றேன். அந்த அம்மா கதைத்துக்கொண்டே இருந்தார். ஒன்று சொல்வார், பிறகு யாரோ மறுமொழி சொல்வதைக் கேட்பது போலப் பேசாமல் இருப்பார், பிறகு தொடர்வார். ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார். இடையிடையே கஞ்சி விழுங்கும் சத்தமும் கேட்டது. அரைமணி நேரம் இருக்கும். எனக்கு ஓடிவிடவேண்டும் போல இருந்தது. ஆனால் எஞ்சினை உதைத்தால் அவன் போய்விட்டான் என்று ஆகிவிடுமே! ஒழுங்கை முடியும்வரை வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தேன்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் போனேன். போகும்போது ஓட்டிக்கொண்டு, திரும்பும்போது தள்ளிக்கொண்டு. தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரே எழும்பி ஓடியபோது அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியவில்லை.

நான் செய்தது உதவியா, ஏமாற்றா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் காத்திருக்கிற எவரிடமும், வரமாட்டார் என்ற சொல்லை நான் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை.