பட்ட மரமும் பகல் பூவும்

கலகெதரவில் எங்கள் தோட்டத்தில், பாஷன் பழம் காய்க்கும் கொடித்தோடைப் பந்தலின் கீழே, பிளாஸ்டிக் கதிரையில் மச்சான் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மாவுக்கட்டுப் போட்ட காலைக் கவிழ்த்த வாளியின் மேல் நீட்டி, அண்ணாந்து பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டியில் பாடம் முடித்து நான் பஸ்ஸில் வந்து இறங்கிய பிற்பகல் அது. தலைக்கு மேலே வெள்ளையும் ஊதாவுமாக நூற்றுக்கணக்கான பூக்கள். தரையிலோ, பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்த முந்தின நாட்களின் பூக்கள்.

"மூனு நாளா பாக்குறேன் சேர். இவ்வளவு பூ ஈக்கி. ஒரு கருவண்டு சரி வரல்ல" என்றார்.

நான் விஞ்ஞான ஆசிரியன் என்பதால் என்னைக் கேலியாக 'சேர்' என்றுதான் கூப்பிடுவார். அன்று அந்தச் சொல் என்னைச் சுட்டது. வண்டுகள் எங்கே போயின என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது.

மச்சான் என் ராத்தாவின் கணவர். ராத்தா என்றால் எங்கள் வீடுகளில் மூத்த சகோதரி. பல்லேகலத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்த மச்சான், ஒரு நாள் அதை விட்டுவிட்டு, எங்கள் வாப்பா விட்டுப்போன நிலத்தில் மஞ்சள் கொடித்தோடை போட்டார். நிரந்தர வேலையை உதறியவர் என்று சொந்தக்காரர்கள் ஏசினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. முதல் இரண்டு போகமும் பந்தல் தாங்காத அளவுக்குக் காய்த்தது. மூன்றாம் போகத்துக்கு முன்னால் பந்தல் கட்டும்போது ஏணி சறுக்கி விழுந்து கால் முறிந்தது. அவர் படுக்கையில் கிடந்த வாரங்களில் தோட்டம் என் பொறுப்புக்கு வந்தது.

எனக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும். மச்சானின் தோட்டமோ ஒழுங்கு என்பதையே அறியாதது. வேலியோரத்தில் முன்பு மிளகுக்கொடி படர்ந்திருந்த முள்முருக்கு மரங்கள் பட்டுப்போய், துளை துளையாக நின்றன. வரப்பெல்லாம் பூத்த களை. இரண்டு ஆட்களைப் பிடித்து எல்லாவற்றையும் வெட்டி எரித்தேன். வீட்டுக் கூரையின் வளை மரங்களைக் கருவண்டுகள் குடைவதைக் கண்டு, துளைக்குத் துளை மருந்தும் அடித்தேன். சுத்தமான தோட்டத்தைப் படம் எடுத்து மச்சானிடம் காட்டினேன். "அழகா ஈக்கி" என்றார், அவ்வளவுதான்.

பதினேழு வருடமாக நான் வகுப்பில் சூழல் தொகுதி படிப்பிக்கிறேன். உற்பத்தியாளர், நுகரி, பிரிகையாக்கி என்று கரும்பலகையில் எழுதி அம்புக்குறி போடுவேன். அந்த அம்புக்குறிகள் எங்கள் வேலிக்குள்ளேயும் ஓடுகின்றன என்று ஒரு முறையாவது எண்ணிப் பார்த்ததில்லை. கொடித்தோடையின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. மஞ்சள் இனமோ தன் கொடியின் மகரந்தத்தை ஏற்காது, இன்னொரு கொடியிலிருந்து வர வேண்டும். சின்னத் தேனீ பூவுக்குள் நுழைந்தாலும் மகரந்தப்பை அதற்கு எட்டாத உயரத்தில் தொங்கும். பருத்த முதுகுள்ள கருவண்டு தேன் குடிக்கக் குனியும்போதுதான் அந்த முதுகில் மகரந்தம் ஒட்டும். அந்த வண்டு குஞ்சு வைக்கக் காய்ந்த மரம் வேண்டும். கொடி பூக்காத மாதங்களில் பசியாற அந்தக் களைப் பூ வேண்டும். பட்ட மரத்தை எரித்த நான், காயைத்தான் எரித்திருந்தேன்.

மரம் வெட்டியது மச்சானுக்குத் தெரியும். மருந்து அடித்தது தெரியாது. மழையின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த மனுசன் மூன்று நாளாக முறிந்த காலோடு ஒரு வண்டுக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேலையை விட்டு வந்தவருக்கு அந்தப் போகம் என்னவென்று எனக்குத் தெரியாதா? மூன்றாம் நாள் நான் போனபோது ராத்தா பந்தலின் கீழே நின்று, ஒரு பூவின் மகரந்தத்தை விரலால் தொட்டு அடுத்த கொடியின் பூவில் தடவிக்கொண்டிருந்தா. கதிரையிலிருந்தபடி மச்சான் சொன்னார்: "வண்டக் கொன்னவர் வண்டு வேல பாக்கட்டும். வாங்க சேர், கைய நீட்டுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் போகம் முழுக்க, பாடம் முடிந்து வந்து மாலை வரை பூப்பூவாகத் தொட்டேன். கழுத்து நொந்தது. வழமையில் பாதிகூடக் காய்க்கவில்லை. ஆனாலும் காய்த்தது.

பிறகு அடுத்த தோட்டத்தில் விறகுக்குப் போட்டிருந்த, வண்டு குடியிருந்த பட்ட முள்முருக்கை மச்சான் கேட்டு வாங்கினார். விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு, வண்டுகள் கிளம்புமுன் துளைகளைத் துணியால் அடைத்து, நானும் இன்னொருவரும் தூக்கி வந்தோம். பந்தலோரத்தில் கல்லடுக்கி, நனையாமல் தகரம் போட்டு வைத்தோம். வரப்பில் களை முளைத்தது, யாரும் கை வைக்கவில்லை. அடுத்த போகத்தில் ஒரு பகல், கன்னங்கரிய வண்டு ஒன்று உறுமிக்கொண்டு பூவில் இறங்கியது. மச்சான் என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

மச்சான் மௌத்தாகி, அவரை அடக்கி இரண்டு வருடமாகிறது. தோட்டத்தை ராத்தா பார்க்கிறா, நன்றாகவே காய்க்கிறது. சூழல் தொகுதிப் பாடம் வரும்போது நான் இப்போது அம்புக்குறியில் தொடங்குவதில்லை. ஒரு தோட்டத்தைச் சுத்தப்படுத்திக் கெடுத்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். யார் சேர் அந்த ஆள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான்தான் என்று சொல்லிவிட்டே, கரும்பலகையில் எழுதச் சோக்கட்டியைக் கையில் எடுக்கிறேன்.