அடுப்பு மூட்டாத வீட்டில் அவல்

அண்ணன் ஒரிசாவில் ரூர்கேலாவுக்கு இரும்பு ஆலை வேலைக்குப் போனவன், கூட வேலை பார்த்தவரின் தங்கையை அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். வீட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு மார்கழியில் அண்ணியை அழைத்துக்கொண்டு ஒரத்தநாட்டுப் பக்கத்து எங்கள் ஊரில் வந்து இறங்கினான். அப்பா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அம்மா ஆரத்தி எடுத்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. அண்ணியை அவள் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, மருமகள் என்றும் சொல்லவில்லை. யார் கேட்டாலும் "அந்தப் பொண்ணு" என்றுதான் சொன்னாள்.

அண்ணிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அண்ணன் சொல்லிக்கொடுத்த கொஞ்சம் தமிழ்தான் அவளுக்குத் தெரியும். வந்த மறுநாள் காலையில் அவல் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். எங்கள் வீட்டில் கிருஷ்ண ஜெயந்திக்குத்தான் அவல் வாங்குவோம். கடைக்குப் போய் வாங்கி வந்தேன். அதை அலசி, நீரை வடித்து, சற்று ஊறவிட்டாள். கொல்லையில் பழுத்திருந்த பூவன் பழங்களை உரித்துப் பிசைந்து, வெல்லத்தூளும் தேங்காய்ப்பூவும் சேர்த்து, ஒரு கரண்டி நெய் விட்டு, எல்லாவற்றையும் விரல் நுனியால் மெதுவாகக் கலந்தாள். அவல் குழையவும் இல்லை, விறைப்பாகவும் இல்லை. கடைசியில் ஆறிய பாலைத் தெளித்தாள். அவர்கள் பக்கம் அவலைச் சுடா என்பார்கள், சுடாமலே தின்பதால் அந்தப் பெயர் என்று அண்ணன் எங்களிடம் கதை விட்டான். அப்பாவும் நானும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டோம். குழந்தைக்குப் பிசைந்த மாதிரி இருக்கிறதென்று அம்மா தொடவே இல்லை. அவளுக்கு எடுத்துவைத்த கிண்ணம் மாட்டுத் தொட்டிக்குப் போனது. அண்ணி அதைப் பார்த்தாள். ஆனாலும் அடுத்த தடவையும் அம்மாவுக்கென்று எடுத்துவைத்தாள்.

ஆட்சி மாறியிருந்த காலம். குத்தகைக்கு உழுகிறவனை இனி யாரும் நிலத்தைவிட்டுக் கிளப்ப முடியாது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் மிராசுதாருக்கு அதுவே பயமாகிவிட்டது. நிலத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி அப்பாவுக்கு ஆள் மேல் ஆள் அனுப்பினார். அப்பா மறுத்துவிட்டார். தை பிறந்து சம்பா முற்றி நின்றபோது, ஒரு காலையில் வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து எங்கள் வயலில் இறங்கினார்கள். சிலர் கையில் கதிர் அரிவாள், சிலர் கையில் தடி. அப்பா வரப்பில் ஓடினார். தெருவிலிருந்த ஆண்களும் பின்னால் ஓடினார்கள். அண்ணன் அப்பாவைப் பிடித்து இழுத்து வரத்தான் போனான். யாரோ வீசிய தடி அவன் தலையில் விழுந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டான்.

அடிதடி வழக்கில் அப்பாவையும் சேர்த்துப் பிடித்திருந்தார்கள். கொள்ளி வைப்பதற்காகப் போலீஸ் காவலில் அவரைக் கூட்டி வந்து, சுடுகாட்டிலிருந்து நேராக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெரு முனையில் போலீஸ் நின்றது. மற்ற ஆண்கள் சொந்தக்காரர்களின் ஊர்களில் ஒளிந்திருந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, பங்காளி வீட்டிலிருந்துதான் சோறு வர வேண்டும். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை.

மறுநாள் விடிந்தும் அம்மா சுவரில் சாய்ந்தபடியே இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவள் வாயில் தண்ணீர்கூடப் போகவில்லை. ஒரு அழுகையும் வரவில்லை. அண்ணி எழுந்து உள்ளே போனாள். பழம் பிசையும் சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தேன். வளையல் இல்லாத வெறும் கைகள். கன்னத்தில் நீர் ஓடிக்கொண்டிருக்க, விரல்கள் அவலைக் கலந்துகொண்டிருந்தன. பால் இல்லாததால் தண்ணீர் தெளித்தாள். கிண்ணத்தோடு வந்து அம்மா முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா, அடுப்பு இல்ல. தீ இல்ல. தண்ணி மட்டும். சாப்பிடுங்க."

அம்மா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சாப்புட்டியாம்மா?"

அண்ணி இல்லையென்று தலையசைத்தாள். அம்மா ஒரு வாய் எடுத்து முதலில் அவளுக்கு ஊட்டினாள். அப்புறம்தான் தன் வாயில் வைத்தாள். என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். மூன்று பேரும் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டோம்.

காரியம் முடிந்த பின் அண்ணியின் அப்பா ரூர்கேலாவிலிருந்து வந்தார். அண்ணி போகமாட்டேன் என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா ஜாமீனில் வரும்வரையாவது இருக்கட்டும் என்று நானும் கெஞ்சினேன். அம்மா கேட்கவில்லை.

"எம் பொண்ணா இருந்தா இந்த வயசுல இங்க மூலையில உக்கார வப்பனா? கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். தன்னுடைய பச்சைப் புடவையை அண்ணிக்குக் கட்டிவிட்டு, ஊரார் கண் முன்னாலேயே அவளைத் தெருவில் நடத்திக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டாள்.

வழக்கு இழுத்தது. அடித்தவன் யார் என்று தீர்மானமாகாமலே முடிந்தது. நிலம் எங்கள் குத்தகையிலேயே நின்றது. அப்பா மட்டும் அந்த வயலில் திரும்பக் கால் வைக்கவில்லை, சித்தப்பாதான் சாகுபடி பார்த்தார்.

பல வருடம் கழித்து, அண்ணனோடு வேலை பார்த்த இன்னொருவர் நாகூர் தர்காவுக்கு வந்த வழியில் எங்களைத் தேடி வந்தார். அண்ணிக்கு மறுபடி கல்யாணமாகிவிட்டது, ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றார். குழந்தை யார் சாயல் என்று அம்மா கேட்டாள். அண்ணியின் சாயல்தான் என்றார். அம்மா அவருக்குச் சோறு போட்டு, பஸ் நிற்கும் இடம்வரை கூடவே போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து, அண்ணன் பெயரைச் சொல்லி முதல் முறையாக வாய்விட்டு அழுதாள்.