இருநூற்று நாற்பது தாள்

எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டருக்கு இரண்டு வேலைகள் இருந்தன. அம்மாவுக்கு ராகு காலம் காட்டுவது ஒன்று. அப்பாவின் சவரக் கத்தியிலிருந்து நுரையைத் துடைப்பது இன்னொன்று. தினமும் காலை ஏழே காலுக்கு அப்பா முந்தைய நாளின் தாளைக் கிழித்து, நான்காக மடித்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு துடைப்பாகத் துடைத்து, கடைசியில் கசக்கி ஜன்னலுக்கு வெளியே எறிவார். சராசரியாகப் பதினான்கு இழுப்புகள். நான் எண்ணியிருக்கிறேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. நீலசந்திராவில் எங்கள் சந்தில் முப்பத்தேழு கதவுகள், அவற்றில் ஒன்பது பச்சை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இன்று நாற்பது வயதில் வெள்ளெழுத்து வந்து, என் பிள்ளைகள் என்னைக் கிழவர் என்றே கூப்பிடுகிறார்கள். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்க என்னால் இன்னமும் முடிவதில்லை.

அது தொண்ணூற்றாறாம் வருடம். சந்துக்குச் சந்து ஒரு கோயிலோ சர்ச்சோ இருப்பது போல எங்கள் பக்கத்தில் சந்துக்கு ஒரு கால்பந்து கிளப்பும் இருந்தது. எங்கள் கிளப்புக்குப் பத்துக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, கேரம் பலகை ஒன்று, கோப்பைகள் ஆறு. பத்தொன்பது வருடங்களாக ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த மாஸ்டர் முழங்கால் ஆபரேஷனுக்கு ஆம்பூரில் இருந்த மகன் வீட்டுக்குப் போனார். ஜூன் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம், கிளப் செக்ரட்டரி மாஸ்டரின் விசிலை எடுத்து என் மாமாவின் கையில் கொடுத்தார்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். கிளப்பில் அவர் வேலை பந்துக்குக் காற்றடிப்பதும் கோட்டுக்குச் சுண்ணாம்பு கரைப்பதும். ஒரு லீக் மேட்ச்கூட ஆடியவர் இல்லை. வேறு யாரும் காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கத் தயாராக இல்லை என்பதுதான் அவருடைய தகுதி.

"சொல்ப நாளைக்குப் பாத்துக்கப்பா. ஆள் கெடைக்கிற வரைக்கும்" என்றார் செக்ரட்டரி.

அந்தப் பேச்சு மாமாவுக்குப் புதிதல்ல. ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில் ஐந்து வருடங்களாக அவர் டெம்பரரி. தொடர்ந்து இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்துவிட்டால் பர்மனென்ட் கேட்கலாம் என்பது எங்கள் சந்தில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். நிர்வாகத்துக்கும் தெரியும். ஆகையால் இருநூற்று முப்பதாவது நாள் வாக்கில் மாமாவை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பிரேக். மாமாவுக்கு அதுவரை ஏழு பிரேக். பெண் பார்க்கப் போன நான்கு வீடுகளிலும் காபி வருவதற்கு முன்னால் வந்த கேள்வி, "பர்மனென்டா?" என்பதுதான். நான்கு இடத்திலும் மாமா காபியை முழுவதும் குடிக்காமல் எழுந்து வந்தார்.

விசில் வந்த மறுநாள் காலை அப்பா தாளைக் கிழித்தார். நான் தரையில் உட்கார்ந்து கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், முந்தின நாள் மைதானத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"நோட்டை வீணாக்காதடா. உன் கணக்கெல்லாம் இதுல எழுது" என்று தாளை என்னிடம் நீட்டினார். எழுதி முடித்ததும் கரண்ட் பில் குத்தி வைக்கும் கம்பி ஒன்றில் அதைக் குத்திச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். அன்றிலிருந்து தினமும் ஒரு தாள் எனக்கு வந்தது. நாற்பது பக்க நோட்டுக்குக்கூடக் கணக்குப் பார்க்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா முதல் மேட்சில் தோற்றார். நான்கு கோல். இரண்டாவதில் டிரா. மூன்றாவதில் என்ன நடந்தது என்பதை நான் கோட்டுக்கு வெளியே நின்று கேட்டேன். இடைவேளையில் ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். மாமா விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்கதான் ஓடுறீங்க. நான் சும்மா நின்னுனு பாக்குறேன். இன்னா பண்ணலாம், நீங்களே சொல்லுங்க" என்றார்.

பத்தொன்பது வருடங்களில் அவர்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பதினோரு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். அன்று இரண்டுக்கு ஒன்றில் ஜெயித்தோம். மாமாவிடம் இருந்த இன்னொரு வித்தை கேன்டீனில் கற்றது: ஒரு முகத்தைப் பார்த்தால் அது சாப்பிட்ட முகமா, சாப்பிடாத முகமா என்று சொல்லிவிடுவார். ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேராக வருகிறவனை முதல் பாதியில் இறக்கமாட்டார். ஒரு பன்னும் ஒரு வாழைப்பழமும் கொடுத்து உட்காரவைப்பார். இப்படியாக ஆண்டு முடிவதற்குள் பதினான்கு மேட்சில் ஒன்பது வெற்றி, மூன்று டிரா, இரண்டு தோல்வி. மாஸ்டரின் கடைசி வருடத்தில் வெற்றி நான்கு.

இனி மாமாவை ஆட்டக்காரர்கள் விடமாட்டார்கள் என்று நான் நிம்மதியாக இருந்தபோதுதான் லிங்கராஜபுரத்துக்காரர் பேச்சு வந்தது. அவர் பெரிய அணியில் ஆடி ஓய்வு பெற்றவர், சான்றிதழ் வாங்கிய கோச், கேட்டால் வருவார். மாஸ்டரும் திரும்பி வரப்போவதில்லை என்று ஆம்பூரிலிருந்து கடிதம் எழுதிவிட்டார். ஒன்பது பேர் கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. அப்பாவும் கமிட்டியில் இருந்தார். அவர் லிங்கராஜபுரத்துப் பக்கம்.

வீட்டில் அம்மா அப்பாவுக்குச் சோறு போடும் சத்தமே மாறிவிட்டது.

"சொந்த மச்சான்னுகூடப் பாக்கலியே" என்றாள் அம்மா.

"மச்சான்றதாலதான் பாக்க முடியாது" என்றார் அப்பா. "ஆஃப்சைடு இன்னான்னு கேட்டா லைன்ஸ்மேன் மூஞ்சியைப் பாக்கிறான்."

மாமா அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அவரு சொல்றது கரெக்ட்தான்கா" என்றார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். ஆனால் அந்த மாதங்களில் தெருவில் சின்னப் பையன்கள் அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கூப்பிடும்போதெல்லாம் அவர் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்ப்பார், பழைய மாஸ்டர் வருகிறாரோ என்று. அந்தத் திரும்பல் ஜனவரியில் நின்றுபோயிருந்தது. அதை நான் கவனித்திருந்தேன்.

செக்ரட்டரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் முப்பது வருடம் வருகைப் பதிவு பார்த்தவர், அங்கே டெம்பரரிகளுக்கு பிரேக் கடிதம் எழுதி எழுதிக் கை அப்படியே பழகிவிட்டது. பொங்கலுக்கு முந்தின நாள் மாமாவை அழைத்து, 'நாளை ஒரு நாள் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறீர், மறுநாள் மீண்டும் சேரலாம்' என்று கிளப் தாளில் எழுதிக் கொடுத்தார். மாமா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எட்டாவது பிரேக்.

கூட்டம் பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரைக்கு. அன்று காலை அப்பா சனிக்கிழமைத் தாளைக் கிழித்ததோடு நிற்காமல் ஞாயிற்றுக்கிழமைத் தாளையும் சேர்த்துக் கிழித்துவிட்டார்.

"இன்னிக்கித் தாளைப் போய் கிழிச்சிட்டீங்களே! நான் ராகு காலம் எதுல பாக்கிறது?" என்றாள் அம்மா.

"ஞாயித்துக்கிழமைக்கு என்னிக்கும் நாலரைல இருந்து ஆறுதான். அதுக்குத் தாள் வேற வேணுமா?" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "டேய், சும்மாதானே உக்காந்திருக்கே. கம்பியில எத்தனை தாள் இருக்குன்னு எண்ணு. சாயங்காலம் எடுத்துனு வா. எத்தனை மேட்ச்னு யாராவது கேப்பாங்க" என்றார்.

எண்ணினேன். இன்னொரு முறை எண்ணினேன். மூன்றாவது முறை பத்துப் பத்தாகத் தரையில் அடுக்கி எண்ணினேன். இருபத்து நான்கு அடுக்கு. மீதி இல்லை.

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. உலகத்திலேயே எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அது என்று நினைத்தேன்.

கிளப் அறையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலில் ஆட்டக்காரர்கள் தலைக்கு மேல் தலையாக நின்றார்கள். மாமா வாசலில், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்பது போல நின்றார்.

செக்ரட்டரி பேசினார். ஜெயித்ததெல்லாம் பழைய மாஸ்டர் போட்ட உரம் என்றார். "பொறுப்புல இருக்கிற வரைக்கும் எல்லாரும் நல்லாத்தான்ப்பா இருப்பாங்க. பர்மனென்ட் ஆன மறுநாள்தான் ஆளு யாருன்னு தெரியும்" என்றார்.

"மாஸ்டர் இருந்தப்போ கோல் வுட்டா எனக்குக் காலு நடுங்கும்" என்று ஜன்னலிலிருந்து கோல்கீப்பர் கத்தினான். "அண்ணன், 'பந்து உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா'ன்னு கேக்குறாரு. அவ்ளோதான் கேக்குறாரு!"

"அதுக்குன்னு நாலு கோல் வுட்டியே!" என்றார் கமிட்டியில் ஒருவர்.

"அது மொத மேட்சு!"

கை தூக்கச் சொன்னார்கள். மாமாவுக்கு நான்கு கை. லிங்கராஜபுரத்துக்கு ஐந்து. ஐந்தில் ஒன்று அப்பாவுடையது, நேராக, முழங்கை மடங்காமல். மாமா தலையை ஆட்டிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார்.

நான் எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை என்பதால் கத்தினேன். "இன்னியோட இருநூத்தி நாப்பது நாள்!"

முதலில் சிரித்தார்கள். நான் கம்பியை மேசைமேல் வைத்ததும் சிரிப்பு அடங்கியது. அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் இருநூற்று நாற்பதைத் தொடாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். மீதிப் பேர் எப்படியோ தொட்டவர்கள். அந்த எண்ணை அவர்கள் அப்படிக் கேட்டு வளர்ந்திருந்தார்கள், சாமி பெயரைப் போல.

"நடுவுல பிரேக் இருக்குப்பா" என்றார் செக்ரட்டரி, கனிவாகத்தான். "பொங்கலன்னிக்கி."

பொங்கல் தாளை உருவிக் காட்டினேன். பின்பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது: 'காலை 6.10. ஏழு பேர் வந்தார்கள். நானும் சேர்த்து எட்டு. மாமா கோடு போட்டார்.' அன்று கையில் கரும்போடு நானும் மைதானத்தில் இருந்தேன். வரக் கூடாது என்ற கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் மாமா சுண்ணாம்பு போட்டார்.

செக்ரட்டரி தாளை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

"முப்பது வருசத்துல எத்தனை பேருக்கு பிரேக் எழுதியிருப்பேன்" என்றார். "ஒருத்தனும் இந்த மாதிரி ஒரு தாளைக் கொண்டாந்து என் மேசைல வெக்கல." பிறகு தன் கையை மெதுவாக மாமா பக்கம் தூக்கினார்.

ஐந்துக்கு நான்கு. அப்பாவின் கை கடைசிவரை இறங்கவில்லை.

நியமன உத்தரவைச் செக்ரட்டரி அங்கேயே எழுதி ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார். 'தற்காலிக' என்று பழக்கத்தில் எழுதிவிட்டு, அதை அடித்து, அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். சம்பளம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். மாமா அதை மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை உதடு அசைந்தது.

நான் பதினோரு நாள் அப்பாவோடு பேசவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அவர் தரையில் டம்ளர்களைப் பரப்பி, "இது பேக்கு, இது உன் ஃபார்வர்டு, பந்தை அடிக்கிற நேரத்துல இவன் எங்க நிக்கிறான்னு பாரு" என்று மாமாவுக்கு ஆஃப்சைடு சொல்லிக்கொடுத்தபோதும் நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு அவர் திங்கட்கிழமைத் தாளைக் கிழித்தார். நான் கையை நீட்டவில்லை. அவரும் கொடுக்கவில்லை. நான்காக மடித்து, நுரையைத் துடைத்து, கசக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். தோற்றுப்போனதன் வஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா ஏழு வருடம் கோச்சாக இருந்தார். அடுத்த ஆண்டு தொடர்ந்து நான்கு மேட்ச் தோற்றபோது செக்ரட்டரி சொன்னது சரிதானோ என்று எல்லோருக்கும் சந்தேகம் வந்தது. மூன்றாம் ஆண்டு மேல் டிவிஷனுக்குப் போனபோது அந்தச் சந்தேகம் யாருக்கு இருந்தது என்றே தெரியாமல் போனது. தொழிற்சாலை அவரைக் கடைசிவரை பர்மனென்ட் செய்யவில்லை. ஐந்தாவது பெண் வீட்டில் கேள்வி வந்தபோது அம்மா, "ஆர்டர் இருக்கு" என்று கிளப் உத்தரவை எடுத்து நீட்டினாள். அதைப் படித்துவிட்டு உள்ளே ஒரு பெண் சிரித்தது கேட்டதாம். மாமா அன்று காபியை முழுவதும் குடித்தார். அவள்தான் என் அத்தை.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. போன மாதம் மாமா வீடு மாற்றும்போது அந்தக் கம்பியை என்னிடம் கொடுத்தார். தாள்கள் பழுத்துப்போயிருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழக்கம் விடாமல், மேலிருந்து எண்ணிக்கொண்டே போனேன். பின்பக்கமெல்லாம் என் கோணல் எழுத்து. அடியில் இருந்தது ஜூன் பதினைந்து, மாமா ஒரு மாதம் தாக்குப்பிடிப்பார் என்று ஒருவரும் நம்பாத நாள். அதன் பின்னால், நான் எழுதிய 'பத்துப் பேர்' என்பதற்கு மேலே, ஓரத்தில், வட்டம் போட்டு ஒரு '1'. அது அப்பாவின் கையெழுத்து.

அந்த எட்டு மாதம் அவர் சவர நுரையை எதில் துடைத்தார் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் இருந்ததையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த நான் அதைப் பார்க்கவில்லை.