மைக்கில் போன ஒரு மணி நேரம்

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு உரிமங்கள் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. ஒன்று என் வீட்டுக்காரருடையது, மற்றது என்னுடையது. வீட்டில் ஒரு வயர்லெஸ் பெட்டியை வைத்துக்கொண்டு முகம் தெரியாத வெளியூர்க்காரர்களோடு பேசலாம் என்று அரசாங்கம் கொடுத்த அமெச்சூர் ரேடியோ அனுமதி. அவருடையது சின்ன உரிமம், என்னுடையது பெரியது. எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்புகிற மோர்ஸ் தேர்வில் தேறினால்தான் பெரியது கிடைக்கும். "பிள்ளைங்கள அதட்டுற கைக்கு இந்த டொக்கு டொக்கு எல்லாம் வராது" என்று அவர் ஒருநாள் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று மாதம் சமையலறை மேடையில் கரண்டியைத் தட்டித் தட்டிப் படித்தேன். வீம்புக்குப் படித்த எதுவும் எனக்கு இன்றுவரை மறந்ததில்லை.

நான் உத்தரகோசமங்கைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். இயற்பியல் ஆசிரியை வேலை ராமேஸ்வரம் தீவில் கிடைத்தது. அக்காள்மடத்தில் வீடு. வீட்டுக்காரருக்குச் சென்னையில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். பக்கத்து வீட்டில் கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். ஒரு அம்மா, அவருடைய மகன், மருமகள். மகனுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு.

அந்த அம்மாவுக்கும் எனக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. என் வயர்லெஸ் பெட்டிக்கு ஏரியல் என்பது மொட்டை மாடியிலிருந்து தென்னைமரம் வரை இழுத்துக் கட்டிய ஒரு நீளமான செம்புக்கம்பி. அதற்கு நேர்கீழே அவர் வீட்டு மாடியில் நெத்திலி காயும். மேலே கம்பி, கீழே கருவாடு. காக்கைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும், செய்ய வேண்டியதையும் செய்துவிட்டுப் போகும். "ஏ டீச்சரு! ஒங் கம்பிய அவுக்கிறியா, இல்ல நானே அருவாமனைய எடுத்துட்டு வாரட்டா?" என்று கீழேயிருந்து குரல் வரும். கருவாடு காயும் நாட்களில் கம்பியைச் சுருட்டி வைத்துவிடுவது என்று கடைசியில் சமாதானம் ஆனோம்.

பிறகு அந்த அம்மாவுக்கு நுரையீரல் கெட்டது. ராத்திரி பகல் மூக்கில் குழாய். கரண்டில் ஓடுகிற ஒரு இயந்திரம் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கரண்டு போனால் பயன்படுத்த ஒரு சின்ன சிலிண்டர் கட்டிலுக்கடியில் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு புயல் வந்தபோது, முதல்நாள் ராத்திரியே கரண்டு போய்விட்டது. விடிவதற்குள் செல்போன் கோபுரமும் செத்தது. ஏழு மணிக்கெல்லாம் மகன் என் வீட்டுக் கதவைத் தட்டினார். சிலிண்டரைத் திறந்தாயிற்று, மதியம் ஒரு மணி வரைக்கும்தான் தாங்கும் என்றார். ராமேஸ்வரம் போகிற ரோட்டில் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. இந்தப் பக்கம் பாம்பன் பாலத்தில் காற்று பலமென்று வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அவர் நடந்தே போய்க் கேட்டிருக்கிறார். அங்கே நின்ற போலீஸ்காரர்களின் வயர்லெஸ்ஸும் அதன் கோபுரம் போனதால் ஊமையாகிக் கிடந்ததாம். அக்கரைக்கு ஒரு சொல் போய்ச் சேர்ந்தால் ராமநாதபுரத்திலிருந்து ஆம்புலன்ஸ் சிலிண்டரோடு வந்து நிற்கும், காற்று சற்றுத் தணிந்ததும் அதை விட்டுவிடுவார்கள். சொல்தான் போகவில்லை.

"ஒங்ககிட்ட ஒரு பொட்டி இருக்குல்ல டீச்சர்?" என்றார்.

பெட்டி இருந்தது. கம்பிதான் சுருட்டிக் கிடந்தது. அந்தக் காற்றில் தென்னையில் யார் ஏறுவது? அவர் வீட்டுக்குப் போய், தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நரம்பை ஒரு கட்டாகக் கொண்டுவந்தார். அதன் நுனியில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்று. மாடியில் காலை அகட்டி நின்று, காற்று ஒரு மூச்சு அடங்கும்வரை காத்திருந்து ஒரே வீச்சு. குண்டு தென்னை மட்டைகளுக்கு மேலே பறந்து அந்தப் பக்கம் இறங்கியது. நரம்போடு கயிறு, கயிறோடு என் கம்பி. எட்டு மணிக்கு ஏரியல் தயார். என் வீட்டுக்காரர் அதே வேலையை ஏணி, துரட்டி, இரண்டு கூலியாட்களோடு ஒரு நாள் முழுக்கச் செய்திருக்கிறார்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. தப்பு இதற்கப்புறம்தான்.

அவருடைய வேனிலிருந்து பேட்டரியைக் கழற்றிப் பெட்டியோடு இணைத்தோம். நான் மோர்ஸ் சாவியை முன்னால் இழுத்து வைத்துத் தட்ட ஆரம்பித்தேன். அதற்குள் என் முன்னறையில் தெருவே கூடிவிட்டது. ஈரச் சட்டைகள், குடைகள், கையில் ஜெபமாலையோடு பெண்கள். பெட்டியிலிருந்து கீ கீ என்று சத்தம் மட்டும் வந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? ஒரு நிமிஷம் பொறுத்தார்கள்.

"என்னத்தத் தட்டிக்கிட்டு இருக்கீக? வாயத் தொறந்து பேசுங்க டீச்சர்!"

"மைக்கு அங்கன சும்மாதான தொங்குது?"

கடல்புரத்தில் ஆபத்தென்றால் கூப்பாடு போடுவார்கள். படகிலிருந்து படகுக்கு, படகிலிருந்து கரைக்கு, தொண்டை கிழியக் கத்துவதுதான் உதவி கேட்பது. விரலால் தட்டுகிற ஒருத்தி அவர்கள் கண்ணுக்கு விளையாடுகிறவளாகத்தான் தெரிந்திருப்பாள். மகன் என் கையருகே வந்து மைக்கை எடுத்து நீட்டினார். "பேசுங்க டீச்சர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இடி மின்னல் நேரத்தில் அந்த அலைவரிசையில் குரல் எடுபடாது என்று எனக்குத் தெரியும். பேச்சு அகலமானது, இரைச்சல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். மோர்ஸ் ஒற்றைச் சுருதி. ஆயிரம் பேர் கத்துகிற சந்தையிலும் ஒரு விசில் தனியாகக் கேட்கிறதல்லவா, அந்த மாதிரி. பேசினால் பேட்டரியும் மடக் மடக்கென்று காலியாகும், தட்டினால் அதில் பத்தில் ஒரு பங்கு போதும். இதையெல்லாம் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். ஆனால் அத்தனை கண்கள் என்மேல் இருந்தபோது, தட்டித் தட்டி ஒன்றும் நடக்காமல் அந்த அம்மா போய்விட்டால் இந்தத் தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். மைக்கை வாங்கிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கத்தினேன். தமிழில், இங்கிலீஷில், தெரிந்த இந்தியில். நடுவில் மகன் மைக்கை வாங்கி, "ஐயா, எங்கம்மாவக் காப்பாத்துங்க!" என்று அலறினார். அந்தப் பக்கத்திலிருந்து வறுகடலையை வாணலியில் புரட்டுகிற சத்தம்தான் வந்தது. ஒன்பதே காலுக்கு மைக்கை அழுத்தியதும் பெட்டி அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. பேட்டரி ஏறக்குறைய வற்றிவிட்டது.

ஒவ்வொருவராக வெளியே போனார்கள். அடுத்த தெருவுக்குப் போய் வேறு பேட்டரி பார்த்து வருகிறேன் என்று மகனும் ஓடினார். நான் பெட்டியின் சக்தியை ஆகக் குறைந்த அளவுக்குத் திருகி வைத்துவிட்டு, சாவியில் விரலை வைத்தேன். எஸ்.ஓ.எஸ். என்று மூன்று முறை. பிறகு உரிமத்தோடு எனக்குக் கொடுத்த அழைப்பெழுத்துகள். கேட்க ஒரு இடைவெளி. மறுபடியும்.

பயந்தவர் குரலில் முதலில் கேட்பது பயம்தான். சாவியில் அது ஏறாது, எவ்வளவு பதறினாலும் ஒவ்வொரு எழுத்தையும் முழுசாகத் தட்டியே ஆக வேண்டும். என்ன வேண்டும், எங்கே வேண்டும், எத்தனை மணிக்குள் வேண்டும் என்று யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த ஒரு மணி நேரக் கூப்பாட்டில் நான் ஊர்ப் பெயரை இரண்டே முறைதான் சொல்லியிருந்தேன்.

பத்து மணிக்கு இரைச்சலுக்கு அடியில் மெலிசாக ஒரு சத்தம் கேட்டது. என் அழைப்பெழுத்துகளை யாரோ திருப்பித் தட்டினார்கள். மதுரைப் பக்கத்து ஆள். நான் அனுப்பினேன்: ஆக்ஸிஜன் சிலிண்டர் தேவை, அக்காள்மடம், பாலம் அடைப்பு, ஒரு மணி வரைதான். அவர் ஒவ்வொரு சொல்லையும் அப்படியே திருப்பி அனுப்பிச் சரிபார்த்தார். கடைசியில் டி டா டி. கிடைத்தது என்பதற்கு ஒற்றை எழுத்து.

வெறுங்கையோடு திரும்பி வந்த மகனிடம் சொன்னேன்.

"யாரு கேட்டது?"

"தெரியாது தம்பி. மதுரைக்காரர் ஒருத்தர். போன் போட்டுச் சொல்லிருவாரு."

"அம்புட்டுத்தானா?" என்றார். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. என்மேல் கோபமும் இல்லை, அது இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆம்புலன்ஸ் பன்னிரண்டு மணிக்குள் பாலத்துக்கு வந்துவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. பதினொன்றரை வரைக்கும் காற்று தணிந்திருந்ததாம். அதற்குள் வந்திருந்தால், மூச்சு நோயாளிக்கு என்றதும் வண்டியை விட்டிருப்பார்கள். அதற்கப்புறம் மறுபடி ஏறிக்கொண்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் அக்கரையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று.

ஒரு மணிக்கு சிலிண்டரின் முள் கீழே படுத்தது. மகன் அம்மாவைத் தன் மார்பில் சாய்த்து நிமிர்த்தி உட்காரவைத்தார். மருமகள் பனைவிசிறியால் விசிறினாள். உதடு நீலமாகிக்கொண்டே போனது. "மாதாவே, மாதாவே" என்று வாசலில் பெண்கள். இருபது நிமிஷம். அவ்வளவு நேரமும் நான் அந்த அம்மாவின் காலைத் தேய்த்துக்கொண்டு, எட்டேகாலிலிருந்து ஒன்பதேகால் வரை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்புறம் தெருமுனையில் சைரன்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் கட்டிலிலிருந்து கதவுவரைதான் நடை, பேச்சும் பாதிப் பாதியாக வரும். அந்த இருபது நிமிஷத்தால் ஆனதா, நோயின் போக்கா என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. தெருவில் எனக்கு ஏக மரியாதை. வஞ்சிரம் வந்தால் முதல் துண்டம் என் வீட்டுக்குத்தான். மகன் யாரைப் பார்த்தாலும், "டீச்சர் தட்டுனாக, அம்மா பொழச்சுச்சு" என்பார். ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ சுருங்கும். மோர்ஸ் எதற்கு உதவும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எங்கள் பள்ளியில் என்னைக் கூப்பிட்டபோது, தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன மாசம் ஒரு சாயங்காலம் அந்த அம்மாவின் மகன் வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மைக்கில் போகாது என்று எனக்கு அன்றே தெரியும், நாலு பேர் பார்க்கிறார்களே என்று பேசினேன், தட்டியிருந்தால் வண்டி காற்று ஏறுவதற்கு முன்னால் வந்திருக்கும், அம்மா இப்படி ஆனதற்கு நான்தான் காரணம் என்று.

அவர் வலையைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"மைக்க எடுத்து ஒங்க கையில திணிச்சது யாரு டீச்சர்?" என்றார். "நாந்தான? இத்தன வருசமா அத ஒங்ககிட்டச் சொல்லத்தான் வாரேன், வாரேன், வாசலோட திரும்பிப் போறேன்."

உள்ளே அந்த அம்மா இருமினார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.