மஞ்சளாகிப்போன உள்ளங்கை

எழுபதுகளின் கடைசியில் பஸ் டிரைவர் வேலைக்கு எல்லாம் முடிந்து, மெடிக்கல் மட்டும் பாக்கி இருந்தது. கண் பரிசோதனையில் தவறினால் பேரையூருக்குத் திரும்பிப் பருத்திச் செடிகளோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்போது திருநகரில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன்.

என்னைவிட மதினிதான் அதிகம் பதறினார். கைப்பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்சம்மா சொன்னாராம்: கேரட்டுக்கும் பப்பாளிக்கும் அந்த நிறத்தைக் கொடுப்பதே கரோட்டின் என்கிற சத்துதான், உடம்புக்குள் போனால் வைட்டமின் ஏ ஆகிக் கண்ணைக் காக்கும். அன்றைக்குத் தொடங்கியது கூத்து. காலையில் கேரட் சாறு, மதியம் கேரட் பொரியல், சாயங்காலம் பப்பாளி. இரண்டு மாதம்! நான் என்ன முயலா?

"பேசாமத் தின்னுங்க கொழுந்தனாரே. வேலை வேணுமா, வேணாமா?" என்பார். கஞ்சப்பிரபுவான அண்ணன்கூட மார்க்கெட்டிலிருந்து பை நிறைய வாங்கி வந்தார்.

மெடிக்கலன்று, நான் நீட்டிய படிவத்தை விட்டுவிட்டு என் உள்ளங்கையைப் பார்த்தார் கம்பவுண்டர். அது மஞ்சளாய் இருந்தது.

"காமாலை. வெளிய போப்பா. அடுத்த ஆளு!"

எனக்கு உயிரே போய்விட்டது. மதினியின் கேரட் என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதே!

எனக்குத் துணையாக வந்து வாசலில் நின்ற மதினி, இடுப்பில் பிள்ளையோடு விறுவிறுவென உள்ளே வந்தார். "எந்த ஊருக் காமாலை இது? கண்ணப் பாருங்க, வெள்ளை வெளேர்னு இருக்கு. இது கேரட்டு தின்ன கை. எங் கையும் இப்படித்தான் இருக்கு!"

சத்தம் கேட்டு எழுந்து வந்த டாக்டர் இருவர் கையையும் பார்த்துச் சிரித்துவிட்டார். கேரட்டைக் குறைத்தால் மஞ்சள் தானாகப் போய்விடும் என்றார். பிறகு எழுத்துப் பலகை முன் என்னை நிறுத்தினார். கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தேன்.

"உனக்கு மொதல்லருந்தே கண்ணு நல்லாத்தான்ப்பா இருந்திருக்கு. கேரட்டு புதுசா ஒண்ணும் செஞ்சிரல" என்றவர், மதினியிடம் திரும்பினார். "நீங்க எதுக்கும்மா இம்புட்டுச் சாப்பிட்டீங்க?"

மதினியின் குரல் இறங்கியது. "மாலைக்கண்ணுங்கய்யா. இவன் பெறந்ததுலருந்து பொழுது சாஞ்சா சுவத்தத் தடவித்தான் நடப்பேன். எனக்குன்னு கேட்டா எம்புட்டு வாங்குவாக? கொழுந்தனார் வேலைக்குன்னதும் பை பையா வந்துச்சு."

ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார் டாக்டர்.

"பொழுது சாஞ்ச பெறகும் பிள்ள சிரிக்கிறதப் பாக்குறேன்யா."