அம்மா அறுத்த சேவல்கள்

எங்கள் கோழி அந்த வருடம் பொரித்த குஞ்சுகளில் ஏழு சேவலாய்ப் போயின. கொண்டை சிவந்த பிறகுதான் அது தெரிந்தது. கொல்லையில் பெட்டைகள் இரண்டே இரண்டு. ஏழும் விரட்டி விரட்டி மிதித்ததில் அவற்றின் முதுகில் இறகே இல்லை. ஒரு சேவலை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கள்ளக்குறிச்சிச் சந்தையில் தள்ளிவிட அம்மா முடிவு செய்த நேரத்தில் பஸ் நின்றுபோனது. ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மரத்தை வெட்டி ரோட்டில் போட்டு மறியல். வடக்கனந்தல் ரோட்டில் புளியமரத்தைச் சாய்த்தவர்களில் அப்பாவும் ஒருவர்.

மறியல் முடிந்த கையோடு அப்பாவைக் காணோம். சேலத்துக்கு வேலையாகப் போயிருக்கிறார் என்றாள் அம்மா. அதற்கு மறுநாள் சேவல்களை அறுக்கத் தொடங்கினாள்.

அதுவரை கோழி அறுப்பது அப்பாவின் வேலை. அம்மா பக்கத்தில்கூட நிற்கமாட்டாள். முதல் சேவல் பாதிக் கழுத்தோடு அவள் கையிலிருந்து நழுவி ஓடியது. துரத்திப் பிடித்து, உட்கார்ந்து, முடித்தாள். அடுத்த சேவலுக்கு முதலிலேயே காலைக் கட்டிவிட்டாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வீடு மணத்தது. எனக்கு வந்ததோ கழுத்தும் ஒரு கரண்டிக் குழம்பும். மிச்சத்தைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு சித்தப்பா மலையடிவாரத்து மரவள்ளிக் காட்டுக்குப் போவார். பன்றிக் காவலுக்கு ஆள் போட்டிருக்கிறோம், அவனுக்குச் சோறு என்றார்கள். எவனோ ஒருவன் என் சேவல்களைத் தின்கிறான் என்று எனக்கு ஆத்திரம்.

ஒரு பகலில் வயதான போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அப்பா எங்கே என்று என்னைக் கேட்டார். சேலம் என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். காது கொடுத்துக் கேட்க ஒரு பெரிய மனிதர் கிடைத்தாரே என்று என் வழக்கையும் சொல்லிவிட்டேன்.

“எங்கம்மா எனக்குக் கழுத்துதான் குடுக்குது சார். மிச்சம்லாம் மரவள்ளிக் காட்டுக்குப் போவுது.”

அவர் அம்மாவைப் பார்த்தார். “வூட்ல ரெண்டே பேரு. இன்னாத்துக்குமா இவ்ளோ கறி?”

“ஏழு சேவ சார். வச்சிக்கினு இன்னா பண்றது? ஒக்காருங்க, சாப்டுட்டுப் போங்க.”

அன்றைய கறி முழுவதையும் அம்மா அவர் இலையில் போட்டாள். அவர் அவசரப்படாமல் சாப்பிட்டார். நடுவில் ஒரு தொடையை எடுத்து என் கையில் கொடுத்தார். கை கழுவும்போது அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

“நாளிக்குக் காலைல ஏழெட்டுப் பேரு அந்த மரவள்ளிக் காட்டுக்கு வர்றோம்மா. ஆக்கறத இன்னிக்கே முடிச்சிடு.”

பொழுது சாய்வதற்குள் அம்மா இரண்டு சேவலைச் சேர்த்து அறுத்தாள். தூக்குவாளியை அன்று சித்தப்பாவிடம் கொடுக்காமல் தானே எடுத்துப் போனாள். காட்டில் இருந்தது அப்பாதான் என்பதும், அன்றே அவர் கரியாலூருக்கு மலையேறி இரண்டு மாதம் அங்கே இருந்தார் என்பதும் பிற்பாடு நான் கேட்டறிந்தவை.

அன்று எனக்குப் புரிந்தது ஒன்றுதான். ருசி கண்ட மனிதர் ஆள் கூட்டிக்கொண்டு சாப்பிட வரப்போகிறார். மிஞ்சிய ஒரே சேவலை மாட்டுக் கொட்டகையில் கூடை போட்டுக் கவிழ்த்து, விடிந்ததும் போய்க் கூடைமேல் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் காடு முழுக்கப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள். என் சேவலைத்தான் தேடினார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.